ஆளை எழுதிய ஊரும் நிலத்தை எழுதிய ஊரும்

அம்மா பிறந்தது புதுச்சேரியில் பாகூர் பக்கம். அப்பாவுக்குச் சொந்த ஊர் தென்பெண்ணைக்குத் தெற்கே, கடலூரை ஒட்டிய ஒரு கிராமம். முள்ளோடையைத் தாண்டி பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம்தான். இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே நெல் வயல், தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. ஆனால் இரண்டு வீட்டு முன்னோர்களையும் இணையத்தில் தேட உட்கார்ந்தபோது நடந்தது வேறு. அம்மா வழியில் என் கொள்ளுப்பாட்டி பிறந்த தேதி, அவளுடைய அப்பாவின் வயது, தொழில், பிறப்பைப் பதிய மேரிக்கு, அதாவது பிரெஞ்சுக்கால நகராட்சி அலுவலகத்துக்கு, கூடவே போன இரண்டு சாட்சிகளின் பெயர் எல்லாம் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது. அப்பா வழியில் என் தாத்தா எந்த வருஷம் பிறந்தார் என்பதற்கு இன்றுவரை ஒரு காகிதம் இல்லை. அவர் உழுத நிலத்தின் சர்வே எண் மட்டும் தெரியும்.

இதற்குக் காரணம் எங்கள் குடும்பத்தில் இல்லை. நடுவில் ஓடிய எல்லைக்கோட்டில் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் ஒருவர் பிறந்தார், கல்யாணம் செய்தார், செத்தார் என்பது சட்டப்படி ஏட்டில் ஏற வேண்டிய செய்தி. புதுச்சேரிக்காரர்கள் எத்தா சிவில் என்று சொல்வது இந்தப் பதிவைத்தான். ஆற்றுக்குத் தெற்கே தென்னாற்காடு மாவட்டத்தை ஆண்ட ஆங்கிலேயருக்கு முதல் கவலை தீர்வை. எந்த நிலம், எவ்வளவு பரப்பு, யார் கட்டுகிறார்கள் என்பதை அங்குலம் அங்குலமாக எழுதினார்கள். ஆள் எப்போது பிறந்தார் என்பது அவர்களுக்கு அப்புறம்தான். சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899ல் வந்தது, அதற்குப் பிறகும் பல ஊர் ஏடுகளில் குழந்தைக்குப் பெயரே இருக்காது, இன்னாருக்கு ஆண் குழந்தை, அவ்வளவுதான். நாடு முழுமைக்குமான இப்போதைய சட்டம் 1969ல்தான் போடப்பட்டது. ஆகவே இந்தக் கரையில் முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, அவர்கள் பெண்ணையாற்றுக்கு எந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதைத்தான்.

சரி, பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் என்ற ஊரில் அவர்களுடைய பழைய காலனிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, சுருக்கமாக அனோம் என்பார்கள். காலனிகளின் எத்தா சிவில் ஏடுகளை ஸ்கேன் செய்து, யாரும் காசு கட்டாமல் வீட்டிலிருந்தே பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் அதில் உண்டு. நூறு வருஷம் கடந்த பதிவுகள்தான் தெரியும். அதற்குப் பிந்தையவை நாந்த் நகரில் உள்ள மத்திய எத்தா சிவில் அலுவலகத்தின் பொறுப்பு, அங்கே எழுதித்தான் கேட்க வேண்டும். புதுச்சேரியின் பழைய பதிவு 1676 வரைக்கும் போகிறது. அதைப் பார்த்து ஆசைப்பட்டுவிடாதீர்கள், அந்தக் காலத்து ஏடுகள் மாதா கோயில் ஏடுகள், ஞானஸ்நானம் வாங்கியவர்களும் ஐரோப்பியர்களும்தான் அதில் வருவார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் வரிசையாகக் கிடைப்பது 19ஆம் நூற்றாண்டில்தான், அதிலும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நன்றாகக் கிடைக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் ஒரு பெயரை அடித்துத் தேடுகிறார்கள், ஒன்றும் வராது, காப்பகத்தில் இல்லை என்று முடிவு செய்து மூடிவிடுகிறார்கள். அங்கே பெயரைக்கொண்டு தேடுவதைவிட ஊரையும் வருஷத்தையும் கொண்டு தேடுவதுதான் பலன் தரும். 1880ல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் என்ற உள்ளாட்சிப் பிரிவுகள் அமைந்தபோது புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்று நான்குதான் இருந்தன. உங்கள் ஊர் இன்றைக்கு எந்தக் கொம்யூனில் இருக்கிறது என்பதை வைத்துத் தேடினால் தவறிவிடும், அந்த வருஷம் எதன்கீழ் இருந்தது என்று பாருங்கள். பிறகு அந்த வருஷத்து ஏட்டைத் திறந்து நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். வருஷ முடிவில் அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்கும், சில சமயம் பத்து வருஷத்துக்குச் சேர்த்தே ஒரு பட்டியல் இருக்கும். அதில் பெயரும் பதிவு எண்ணும் கிடைத்தால் முன்பக்கம் வந்து அந்த எண்ணைப் பார்க்க வேண்டியதுதான். கையெழுத்து முதலில் மிரட்டும். ஆனால் எல்லாப் பதிவும் ஒரே வாய்ப்பாட்டில் இருப்பதால் பத்துப் பதிவு படித்தபின் பதினொன்றாவது தானாகப் படியும். வருஷத்தை எண்ணில் எழுத மாட்டார்கள், சொல்லாக எழுதுவார்கள். பிரெஞ்சில் எண்பதுக்கு நாலு இருபது என்றுதான் சொல்வார்கள் என்பது தெரிந்திருந்தால் 1880களின் பதிவில் தடுமாற வேண்டியதில்லை. கையெழுத்தைப் படித்துத் தரும் டிரான்ஸ்கிரிபஸ் மாதிரியான கருவிகள் பிரெஞ்சு வாக்கியங்களுக்கு உதவும், தமிழ்ப் பெயர் வரும் இடத்தில் அவற்றை நம்ப வேண்டாம்.

அந்தப் பெயர்களைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பதிவு செய்தவர் தன் காதில் விழுந்ததைப் பிரெஞ்சு எழுத்தில் போட்டார். உகரம் வந்தால் ஓ, யூ என்று இரண்டு எழுத்து. முத்து, முருகன், குப்பன் எல்லோரும் அந்த இரண்டெழுத்தோடுதான் வருவார்கள். சாமி என்பது பெயரின் நடுவில் வந்தால் இரட்டை எஸ் போட்டிருப்பார்கள், ஒற்றை எஸ் போட்டால் பிரெஞ்சில் அது இசட் மாதிரி ஒலித்துவிடும் என்பதால். கடைசியில் வரும் 'ன்' விழுந்துவிடாமல் இருக்க ஒரு ஈ சேர்ப்பார்கள். வெங்கடாசலம் விங்கடாசலமாக வீயும் ஐயும் போட்டுத் தொடங்கலாம். அதே பெயர் ஆற்றுக்குத் தெற்கே போனால் ஆங்கிலக் குமாஸ்தா முத்துவுக்கு இரண்டு ஓ போடுவார், சாமியில் ஒரு டபிள்யூ சேர்ப்பார். ஒரே மனிதர் பாகூரில் ஒரு பெயராகவும் கடலூரில் வேறொரு பெயராகவும் எழுதப்பட்டிருப்பார். அதனால் எழுத்தைப் பார்த்துத் தேடாதீர்கள். பட்டியலில் உள்ள பெயரை உரக்க வாசியுங்கள், நம் காதுக்குத் தமிழாக விழுகிறதா என்று பாருங்கள். பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தவர்களுக்குப் பிடிபடாத பெயர்கூட நம்மூர்ப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினால் உடனே பிடிபடும்.

இன்னொரு சிக்கல், நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. இந்த இணையதளங்கள் எல்லாமே குடும்பப் பெயர் என்ற ஒன்றைச் சுற்றிக் கட்டப்பட்டவை. ஃபேமிலிசர்ச் ஆனாலும் ஜெனி ஆனாலும் முதல் கட்டத்திலேயே அதைக் கேட்கும், அங்கே இனிஷியலைப் போட்டால் அப்பாவும் மகனும் வேறு வேறு குடும்பம் ஆகிவிடுவார்கள். நம் முறை வேறு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். கோவிந்தசாமி மகன் ராமசாமி, அவர் மகன் கோவிந்தசாமி, அவர் மகன் மறுபடி ராமசாமி. போதாததற்கு அண்ணன் தம்பி மூன்று பேரும் தங்கள் மூத்த பிள்ளைக்கு அதே தாத்தாவின் பெயரை வைத்திருப்பார்கள், ஒரே தெருவில் ஒரே வயதில் மூன்று கோவிந்தசாமி. பெயரை மட்டும் வைத்துக் கோத்தால் நூறு வருஷம் பிசகும். நான் அப்படி ஒரு முறை பிசகி, பங்காளி வீட்டுத் தாத்தாவை எங்கள் தாத்தாவாக வைத்து இரண்டு மாதம் தேடியிருக்கிறேன். அதிலிருந்து அம்மா பெயரைப் பார்க்காமல் எந்தப் பதிவையும் எங்களுடையது என்று எடுத்துக்கொள்வதில்லை. அப்பா பெயர் பத்துப் பேருக்கு ஒன்றாக இருக்கும், அப்பா பெயரும் அம்மா பெயரும் சேர்ந்து ஒன்றாக இருப்பது அரிது. சாட்சிகளையும் விடாதீர்கள், பெரும்பாலும் அவர்கள் பங்காளிகளாகவோ பக்கத்து வீட்டுக்காரர்களாகவோ இருப்பார்கள். சில பதிவுகளின் அடியில் பிரெஞ்சு வரிகளுக்குக் கீழே தமிழில் கையெழுத்து இருக்கும். நம் பாட்டன் தன் கையால் எழுதிய ஒரே எழுத்து அதுவாகத்தான் இருக்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று அம்மா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ரெனோன்சான் குடும்பங்களுக்கு மட்டும் இந்தப் பெயர்ச் சிக்கல் வேறு மாதிரி. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணைப்படி, தன் சாதி மத வழக்கப்படியான தனிச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் அதை எழுதிக் கொடுத்து, தங்களுக்கென ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். அதில் முன்னே நின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி லபோர்த் என்ற பெயரை எடுத்தார். ஆகவே உங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுப் பெயர் இருந்தால், அது பிறந்த நாளையே கண்டுபிடிக்க முடியும். அதற்கு முன்னால் தேடும்போது அந்தப் பெயரை மறந்துவிட்டுத் தமிழ்ப் பெயரில் தேட வேண்டும். வியட்நாமில் உள்ள சைகோனுக்கு வேலைக்குப் போனவர்களிலும் பட்டாளத்துக்குப் போன சொல்தாக்கள் என்ற சிப்பாய்களிலும் இவர்கள் நிறைய. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்தவர்களைப் பிரெஞ்சு ராணுவ அமைச்சகத்தின் மெமுவார் தெஸோம் தளத்தில் தேடலாம். அரசு வேலையில் இருந்தவர்கள் என்றால் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் பிரெஞ்சிந்தியாவின் ஆண்டு மலர்கள் இருக்கின்றன, குமாஸ்தா, பள்ளி ஆசிரியர் வரைக்கும் பெயர் போட்டிருப்பார்கள்.

இன்றைக்குப் புதுச்சேரியில் பலர் தாத்தாவின் பதிவைத் தேடுவது நாஷனாலிட்டிக்காக, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமைக்காக. 1954 நவம்பர் 1ல் மெர்ஜர், அதாவது இந்தியாவோடு இணைப்பு, நடந்தாலும் சட்டப்படி ஒப்படைப்பு முடிந்தது 1962 ஆகஸ்ட் 16ல், அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் யார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் பல குடும்பங்களின் தலைவிதியைப் பிரித்தது. அந்தத் தேவை நியாயமானது. ஆனால் இலவசமாகப் பார்க்கக்கூடிய பதிவுக்கு இடைத்தரகரிடம் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. முதலில் நீங்களே தேடுங்கள். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளையும் இருக்கிறது.

ஆற்றுக்குத் தெற்கே வந்தால் தேடும் முறையே மாறிவிடும். இங்கே நிலம் வழியாகத்தான் ஆளைப் பிடிக்க முடியும். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம், பெரும்பாலும் 1975க்குப் பிறகு உள்ளவை வரும். அதில் வரும் பத்திர எண்ணை வைத்து நகல் வாங்குங்கள், அந்தப் பத்திரத்தில் முந்தைய பத்திரத்தின் எண் இருக்கும், அப்படியே பின்னால் பின்னால் போகலாம். இதில் எனக்குப் பொக்கிஷமாகத் தெரிவது பாகப்பிரிவினைப் பத்திரம். "நம்முடைய பாட்டனார் இன்னார், அவருக்கு மக்கள் இத்தனை பேர், அவர்களில் மூத்தவர் காலமாகி" என்று மூன்று தலைமுறையை வரிசையாகச் சொல்லித்தான் பங்கு பிரிக்கத் தொடங்குவார்கள். எந்த இணையதளமும் அதைவிட நல்ல மரம் வரைந்து தராது. பட்டாவில் இப்போது இருக்கும் பெயர் பெரும்பாலும் 1979 முதல் 1987 வரை நில ஏடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்பிலிருந்து வந்தது, அதற்கு முந்தைய செட்டில்மென்ட் ஏட்டில் அதே நிலத்துக்கு யார் பெயர் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். புதுச்சேரிப் பக்க நிலத்துக்கு நிலமகள் என்ற தளம் இருக்கிறது. 2025 இறுதியில் வாக்காளர் பட்டியல் திருத்தம் நடந்தபோது இருபது வருஷத்துக்கு முந்தைய பட்டியல்களும் இணையத்தில் ஏறின, இறந்துபோன பெரியவர்களின் வயது, கணவர் அல்லது தகப்பனார் பெயர், வீட்டு எண் அதில் இருக்கிறது.

ஆனால் நில ஏடு ஒரு பெரிய அநியாயத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. நிலம் இல்லாதவர் அதில் இல்லை. பண்ணையாளாக இருந்த குடும்பம், சேரியில் இருந்த குடும்பம், எத்தனை தலைமுறை அந்த மண்ணில் உழைத்திருந்தாலும் ஒரு வரி கிடைக்காது. பெண்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த மக்களை ஒரு அரசு பெயர் சொல்லி, உயரம் அளந்து, ஊர் கேட்டு எழுதிய ஒரே இடம் பல நேரம் கப்பல்தான். 1860 நவம்பர் 16ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்ததிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் நிலையப் பகுதி), கிராமம், உடம்பில் இருந்த தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள், அது இணையத்தில் தேடக் கிடைக்கிறது. ஜில்லா என்ற இடத்தில் தென்னாற்காடு என்று போட்டுப் பாருங்கள், வந்துகொண்டே இருக்கும். மொரீஷியசுக்குப் போனவர்களின் ஏடுகள் அங்கே மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, சிலருக்குப் போட்டோகூட உண்டு. புர்போன் என்று பெரியவர்கள் சொல்லும் ரீயூனியனுக்கும் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கும் போனவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறினார்கள், அவர்கள் அங்கே செய்த கல்யாணம், பெற்ற பிள்ளை எல்லாம் அதே அனோம் தளத்தில் அந்தத் தீவுகளின் ஏட்டில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்திருப்பார்கள். பெயர் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஏடுகளில் எல்லோரையும் ஏமாற்றும் ஒன்று இருக்கிறது. சொந்த ஊர் என்ற இடத்தில் புதுச்சேரி என்று எழுதியிருந்தால் அவர் புதுச்சேரிக்காரர் என்று அர்த்தமில்லை, பல நேரம் கப்பல் ஏறிய துறைமுகம்தான் அது. ஆள் பண்ருட்டி, விருத்தாசலம், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரராக இருந்திருக்கலாம். ரீயூனியனிலிருந்து வரும் நம் ஆட்கள் கடற்கரையில் நின்று, இதுதான் எங்கள் பாட்டன் ஊர் என்று அழுதுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் இருக்கும் காகிதத்தில் கிராமத்தின் பெயர் ஏதோ ஒரு உருவத்தில் இருக்கும். அதை உரக்க வாசித்து இது இன்ன ஊர் என்று சொல்ல நம்மால்தான் முடியும், கொஞ்சம் நேரம் கொடுத்தால் போதும். மலாயா, பர்மா, இலங்கைக்குக் கங்காணி வழியாகப் போனவர்களுக்கு இப்படிப்பட்ட பட்டியல் குறைவு. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளத்தில் தமிழ் முரசு இருக்கிறது, மரண அறிவித்தல்களில் சில சமயம் சொந்த ஊர் பெயர் வரும்.

டிஎன்ஏ சோதனை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எச்சில் அனுப்பினால் உலகெங்கும் உள்ள உறவை அது காட்டும், கப்பலில் போன கிளையோடு இங்குள்ளவர்கள் சேர்வதற்கு அது நல்ல வழிதான். ஆனால் அது சொல்லும் உறவு முறையை அப்படியே நம்பாதீர்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே மணந்துகொண்ட குடும்பங்களில் பொது மரபணு அளவுக்கு மீறி இருக்கும், ஏழாவது தலைமுறையில் பிரிந்தவரைக் கூட மூன்றாவது தலைமுறை உறவு என்று காட்டும். தரவு பாதுகாப்பும் யோசிக்க வேண்டியதுதான். 2023ல் டுவென்டித்ரீ அண்ட் மீ நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. நீங்கள் கொடுப்பது உங்கள் ஒருவர் தகவல் மட்டுமில்லை, அண்ணன் தம்பி பிள்ளைகளின் தகவலும்தான், அவர்களையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மரத்தை வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ள கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியைப் பொதுத் தளத்தில் போடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு, இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியதையும் சொல்கிறேன். எந்தத் தளத்தில் தேடவும் ஒரு ஊரும் ஒரு உத்தேச வருஷமும் வேண்டும், அந்த இரண்டும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஊருக்கு வழி குலதெய்வம். குடும்பம் எங்கெங்கோ குடிபெயர்ந்திருந்தாலும் முடியிறக்கப் போகும் கோயில் எங்கே இருக்கிறதோ அங்கேயோ அதன் பக்கத்திலேயோதான் பழைய ஊர். அந்தக் கோயிலில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு ஒன்று இருக்கும், எந்த வருஷம் யார் யார் தனித் தலைக்கட்டாக ஆனார்கள் என்பது அதில் தெரியும், பங்காளிகள் மொத்தமும் ஒரே பக்கத்தில். வருஷத்துக்கு வழி பெரியவர்களின் பேச்சு. என் பெரியத்தை "எங்க பாட்டி தாது வருஷப் பஞ்சத்துல கைக்குழந்தை" என்று சொல்வாள். தாது என்பது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், ஆனால் பஞ்சத்தோடு சேர்ந்த தாது 1876-77தான், அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பிறந்த வருஷம் கிடைத்துவிட்டது. பழைய ஜாதகம், மொய் நோட்டு, கருமாதிப் பத்திரிகை எல்லாவற்றையும் இப்படியே பாருங்கள். கருமாதிப் பத்திரிகையில் மகன், மருமகன், பேரன், பேத்தி, சம்பந்தி என்று முறையோடு போட்டிருப்பார்கள்.

எங்கள் அப்பா வீட்டில் அப்படி ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தது. 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட அன்று கூரை போய், பெட்டிக்குள் தண்ணீர் இறங்கி, வெயிலில் காயப் போட்டபோது கையோடு உதிர்ந்துவிட்டது. அதில் என்ன இருந்தது என்பதை யாரும் படம் எடுத்து வைத்திருக்கவில்லை. தாத்தாவின் ஜாதகம் அதில் இருந்தது என்று பெரியத்தை சொல்கிறாள். அவளுக்கு இப்போது எண்பத்தெட்டு வயது. போன மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பதிவு செய்துகொண்டு வருகிறேன், இதுவரை நாற்பத்தொரு பெயர் சொல்லியிருக்கிறாள், அதில் பதினேழு பெண்கள், எந்தப் பட்டாவிலும் இல்லாதவர்கள்.